நாச்சிமுத்துவின் குழி விளக்கு

கட்டைவிரலை நிமிர்த்தியாயிற்று. ஆள்காட்டி விரல் பாதி வழிக்கு வந்திருக்கிறது. நடுவிரல்தான் பிடிவாதக்காரி. விடிந்து வாசலில் வெயில் விழுந்ததும் நாச்சிமுத்து தம் மனைவி மாரக்காளின் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். காய்ச்சிய விளக்கெண்ணெயை உள்ளங்கையில் விட்டு, மடங்கிப்போன அந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவி நீட்டுவார். எருமப்பட்டிச் சந்தையில் விளக்கெண்ணெய்க்குக் கிராக்கி வந்ததற்கு யுத்தம் காரணமில்லை, நாச்சிமுத்துதான் காரணம். சேலம் ஜில்லாவில் விளைந்த ஆமணக்கில் பாதி இந்த ஒரு கைக்குள் போய்விட்டது. சரி, பாதி என்பது கொஞ்சம் அதிகம்தான். வேலியோரத்து ஆமணக்கு ஒன்று காய்த்தது முழுக்கப் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இறங்க முடியாது.

விரல்கள் எப்படி மடங்கின என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கம்பு குத்திக் குத்தி உலக்கையோடு ஒட்டிக்கொண்டது என்பார்கள் சிலர். வாதம் என்பார்கள் சிலர். ஓடிய எருமையின் வாலைப் பிடித்து நிறுத்தியபோது அப்படியே நின்றுவிட்டது என்றும் ஒரு கதை உலவுகிறது. அதைக் கட்டிவிட்டது யார் என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டாம். மாரக்காளைக் கேட்டால், "கைதானுங்க, மடங்கிருச்சு" என்பதோடு சரி. நாச்சிமுத்து அதுவும் சொல்லமாட்டார்.

பிள்ளைப் பருவத்தோடு வளர்ச்சியை நிறுத்திக்கொண்ட உடம்பு அவருக்கு. தோள் குறுகல், இடுப்பு ஒடிசல், கை மட்டும் நீளம். குழியின் வாய்க்கு அளவெடுத்துத் தைத்தது போல இருப்பார். அவருடைய தொழிலே குழி திறப்பதுதான். அந்தப் பக்கத்துக் காடுகளில் சோளம் அறுத்தால் மண்ணுக்குள் வைப்பார்கள். கெட்டிச் செம்மண்ணாகப் பார்த்து, வாய் சிறுத்து வயிறு பெருத்த பானை மாதிரி குழி வெட்டி, உள்ளே சோளத்தட்டைப் பரப்பித் தானியத்தைக் கொட்டி, வாயில் பலகைக் கல்லைப் போட்டு மண்ணால் மெழுகிவிடுவார்கள். பூச்சி அண்டாது. பஞ்சம் வரும் வரைக்கும் கிடக்கும். ஆனால் மூடிக்கிடந்த குழிக்குள் காற்று செத்துப்போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அவசரப்பட்டு இறங்குகிறவன் அடியைத் தொடுவதற்குள் தலை சுற்றி விழுவான், விழுந்தவன் எழுந்ததில்லை.

அதனால் முதலில் இறங்குவது விளக்கு. உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்பு விளக்கு, கொக்கி போட்டது, நாச்சிமுத்துவின் பாட்டன் காலத்தது. அதைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்குவார். சுடர் அணைந்தால் வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் இழுத்து உள்ளே காற்றைக் கலக்குவார். மறுபடி விளக்கு. சுடர் அணையாமல் நின்றால்தான் ஆள் இறங்கலாம். அந்த விளக்கை வருஷத்துக்கு ஒரு முறை மாரியம்மன் கோயில் தீபத்தில் ஏற்றி வாங்குவார்கள். வேறு எந்த விளக்கையும் குழிக்குள் விடுவது வழக்கமில்லை. "மத்த வெளக்கு பொய் சொல்லும்" என்பார் நாச்சிமுத்து. எந்த நெருப்பும் ஒரே நெருப்புதான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் சொல்லலாம். அந்த ஊரில் இதைச் சொன்னால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

தொழில் புத்தி வீட்டுக்குள்ளும் வந்துவிடும். கஞ்சிப் பானையின் மூடியை எடுத்தால் உடனே அகப்பையை விடமாட்டார். பானை கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்று காத்திருப்பார். ஒரு தடவை செவ்வாய்ப்பேட்டைக்கு மூட்டை இறக்கப் போனபோது, மண்டிக்காரர் சன்னல் இல்லாத சரக்கறையைக் காட்டி உள்ளே போகச் சொல்ல, இவர் வாசலிலேயே நின்று, "வெளக்கு ஒன்னு குடுங்க சாமி, மொதல்ல அது போவட்டும்" என்றாராம். மண்டியே சிரித்தது. விளக்கு வந்த பிறகுதான் இவர் உள்ளே போனார்.

இவருக்குப் பைத்தியம் கொஞ்சம் கூடியது சென்றாயர் வந்த கோடையில். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து கோயில் பந்தலில் பாரதம் படித்தவர் அவர். நல்ல குரல், யுத்தகளத்தில் சங்கு ஊதினால் கொல்லிமலையில் குரங்குகள் மரத்தை விட்டு இறங்கிவிடும் என்று சொல்வது, மறுபடியும், கொஞ்சம் அதிகம். நாச்சிமுத்து கதை கேட்கப் போகவில்லை. பந்தம் பிடிக்க ஆள் வேண்டும் என்றார்கள், போனார். தேர்த்தட்டில் வில்லைக் கீழே போட்டுவிட்டுக் குந்திய வீரனுக்குத் தேரோட்டி உபதேசம் சொன்ன இடம் வந்தது. உன் கடமையைச் செய், அதில் விளைவதைப் பற்றிக்கொள்ளாதே என்பதைச் சென்றாயர் வளைத்து வளைத்து விளக்கினார். கூட்டம் கொட்டாவி விட்டது. பந்தம் பிடித்தவர் மட்டும் எண்ணெய் கையில் வழிவது தெரியாமல் நின்றார்.

மறுநாள் மாரக்காளிடம் சொன்னார்: "தேரோட்டி சாமி சொன்னது நம்ம தொழிலத்தான் புள்ள. வெளக்க எறக்கறது என்ற வேலை, நாஞ் செய்ய வேண்டியது. அது நிக்கறதும் அணயறதும் என்ற வேலையில்ல."

"அப்ப சோத்துக்கு உப்புப் போடறது என்ற வேலை. அது கரிக்கறதும் கரிக்காததும் என்ற வேலையில்ல. பேசாமத் தின்னுங்க" என்றாள் மாரக்காள்.

ஆனால் அந்தப் பேச்சு ஊருக்குள் பரவிவிட்டது. எதைச் செய்வது, எதை விடுவது என்று புரியாதவர்கள் குழி திறக்கிறவரிடம் வந்து நின்றார்கள். ஆத்தாயி என்றொரு பெண். பத்து வருஷம் தன்னை அடித்து உதைத்த மாமியார் படுக்கையில் விழுந்து கஞ்சி கேட்கிறாள். ஊற்றவா, வேண்டாமா?

"ஊத்து" என்றார் நாச்சிமுத்து. "பொழைக்கட்டும்னு நெனச்சும் ஊத்தாத. சாவட்டும்னு நெனச்சும் ஊத்தாத. கஞ்சி சூடா இருக்குதா, அத மட்டும் பாரு."

"நெனப்பு வருதுங்களே அண்ணா."

"வந்தா வரட்டும். கை நிக்காம ஊத்திட்டே இரு."

ஆத்தாயி ஊற்றினாள். மாமியார் பிழைத்து எழுந்து மறுபடி அடித்தாள் என்பதையும் சொல்லாமல் விட்டால் கதை ரொம்ப இனிப்பாகிவிடும்.

இனி இனிப்புக்கு இடமில்லை. புளுகுக்கும் இடமில்லை.

யுத்தம் முற்றிய வருஷம் மழையும் பொய்த்தது. களத்தில் விழுந்த தானியத்தைச் சர்க்கார் ஆள் வந்து அளந்து எடுத்துக்கொண்டு போனான். ஊரிலேயே பெரிய காடு சின்னண்ணப் பண்ணாடியுடையது. அவர் பாதியை அளந்தார், மீதியை மாடு கட்டும் கட்டுத்தறிக்குள் குழி வெட்டி மறைத்தார். குழியை வெட்டியது நாச்சிமுத்து. மெழுகியது அவருடைய மகன் செல்லமுத்து. மெழுகின மண் காய்வதற்குள் பண்ணாடி அந்த இரும்பு விளக்கைக் கொண்டுவரச் சொல்லி, அதன் மேல் நாச்சிமுத்துவின் கையை வைக்கச் சொன்னார்.

"நாச்சிமுத்து, நாஞ் சொல்லாம இந்தக் குழி தொறக்கப்படாது. வெளிய தெரிஞ்சா அம்புட்டும் போயிரும். எனக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல."

"ஆமாங்க பண்ணாடி."

தொட்டுக் கொடுத்த வாக்கு அது.

மாசங்கள் போயின. கூலிக்குத் தானியம் அளப்பது நின்றது. குழியைத் திறந்தால் தெரிந்துவிடும் என்று பண்ணாடி பயந்தார். அவர் வீட்டுச் செலவுக்கு நாமக்கல்லிலிருந்து மூட்டை வந்தது. தெருச் சனம் கத்தாழைக் கிழங்கைத் தோண்டிக் கொண்டுவந்து, தண்ணீர் மாற்றி மாற்றி வேகவைத்துத் தின்றது. சரியாக வேகாத கிழங்கு குழந்தைகளின் குடலைப் பிடித்து இழுத்தது. செல்லமுத்துவின் கைக்குழந்தைக்கு அழுகிற குரல்கூட அடங்கிப்போயிற்று.

மாரியம்மன் கோயில் நோம்பிக்கு முந்தின நாள் செல்லமுத்து அப்பன் முன்னால் வந்து நின்றான்.

"அப்பா, குழி வெளக்கக் குடுங்க."

"ஆரு குழிக்கு?"

திறக்காத குழி ஊரில் ஒன்றுதான் இருந்தது.

"அது பண்ணாடி ஊட்டுச் சோளம் சாமி."

"வெதச்சது ஆரு? அறுத்தது ஆரு? மெழுவுனது இந்தக் கையிங்கப்பா. நாளைக்கு நோம்பி. ஊரே கோயில்ல இருக்கும். ஒரு கூடை போதும். உங்களக் கூப்படல. வெளக்க மட்டுங் குடுங்க."

"நாஞ் சொல்லு குடுத்திருக்கறன். சொல்லக் காப்பாத்தறது என்ற வேலை. அதுக்கப்பறம் என்னாவுதுங்கறது என்ற வேலையில்ல."

"அப்ப என்ற வேலை என்னுங்கப்பா? எம்புள்ள சாவறதப் பாத்துட்டு உக்காந்திருக்கறதா? உங்க தேரோட்டி சாமியக் கேட்டுச் சொல்லுங்க."

நாச்சிமுத்து எழுந்து, சுவர் முளையில் தொங்கிய விளக்கை எடுத்து மடியில் வைத்துத் துண்டால் மூடிக்கொண்டார். அடுப்படியில் மாரக்காள் கிழங்கு நறுக்கும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. செல்லமுத்து போய்விட்டான்.

மறுநாள் பட்டப்பகலில், கோயிலில் மேளம் முழங்க, அவன் குழியைத் திறந்தான். துணைக்குப் போனவன் அங்கமுத்து, சேக்காளி. அவன் மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டான். கல்லை நகர்த்திவிட்டு, சூடும் நாற்றமும் அடங்கட்டும் என்று சற்றே பொறுத்தார்கள். நாற்றம் அடங்கினது மாதிரி இருந்தது. செல்லமுத்து இறங்கினான். அவன் வீட்டு மாடத்தில் ஓர் அகல் விளக்கு இருந்தது. அதை ஏற்றி எடுத்துப் போயிருந்தால் போதும். இரண்டு அடியில் அணைந்து உண்மையைச் சொல்லியிருக்கும். அவன் எடுக்கவில்லை. மற்ற விளக்கு பொய் சொல்லும் என்று பால் குடித்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்தவன். திருடப் போனபோதும் அப்பன் சொன்ன வழக்கத்தை மீறவில்லை.

கயிறு திடீரென்று கனத்தது. பிறகு அங்கமுத்துவின் கையிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டது. அவன் அலறிக்கொண்டு முதலில் ஓடியது நாச்சிமுத்து வீட்டுக்கு. பொங்கலிட எதுவும் இல்லாததால் அவர்கள் கோயிலுக்குப் போகவில்லை. புருஷனும் பெண்சாதியும் விளக்கோடும் கயிற்றோடும் ஓடினார்கள். அங்கமுத்து ஆள் கூட்டக் கோயிலுக்கு ஓடினான்.

பிறகு நடந்ததை ஊர் இப்படிச் சொல்கிறது. கூட்டம் கட்டுத்தறிக்குள் வந்தபோது மாரக்காள் மாடு கட்டும் முளைக்குச்சியோரம் தரையில் கிடந்தாள். குழி வாயில் நாச்சிமுத்து நின்றுகொண்டிருந்தார். "எறங்கு, எறங்கு" என்று சனம் கத்தியது. ஒருவன் தானே இறங்கப் போக, அவன் மார்பில் கையை வைத்துத் தள்ளினார். "வெளக்கு நிக்கல. ஆரும் எறங்கக்கூடாது" என்றார். பெற்ற மகன் உள்ளே கிடக்க, விளக்கை இறக்கினார், அணைந்தது. வேப்பங்கொத்தைக் கட்டி இழுத்தார். விளக்கை இறக்கினார், அணைந்தது. மருமகள் சின்னாயி மண்ணை வாரி அவர் முகத்தில் எறிந்தாள். துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. கடைசியில் சுடர் நின்றது. அவர் இறங்கி மகனின் தோளைச் சுற்றிக் கயிறு கட்டி மேலே அனுப்பினார். உடம்பில் சூடு இருந்தது என்று சிலர் சொன்னார்கள், இல்லை என்று சிலர் சொன்னார்கள்.

திறந்த குழியை மறைக்க முடியுமா? மறுவாரமே சர்க்கார் வண்டிகள் வந்து அடித்தட்டு வரை அள்ளிக்கொண்டு போயின. பண்ணாடிக்கும் இல்லை, தெருவுக்கும் இல்லை. எந்த வாக்குக்காக விளக்கைத் துண்டால் மூடினாரோ அந்த வாக்கில் காப்பாற்ற ஒரு மணி தானியம் மிச்சமில்லை. "விசுவாசம்னா நாச்சிமுத்துதான்" என்று பண்ணாடி மட்டும் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சவுக்கால் அடித்திருந்தால்கூட நாச்சிமுத்துவுக்கு அத்தனை வலித்திருக்காது.

சின்னாயி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எருமப்பட்டியில் இருக்கிற தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். குழந்தை எப்படியோ பிழைத்துக்கொண்டது. போகும்போது அவள் சொன்னது, "அத்தை வரலாம். எம்புருசன் சாவறத நின்னு பாத்த அந்த மனுசன் மொகத்துல எம்புள்ள முழிக்கக்கூடாது." அன்றிலிருந்து சந்தைக்குச் சந்தை மாரக்காள் பொரிகடலையை முந்தானையில் முடிந்துகொண்டு பேரனைப் பார்க்கப் போகிறாள். நாச்சிமுத்துவும் கூட நடப்பார். ஊர் எல்லைப் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். அவள் திரும்பி வந்ததும் ஒன்றே ஒன்று கேட்பார்.

"எம்முட்டு ஒசரம் இருக்கறான்?"

அவள் மடங்கின கையைத் தொடைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டுவாள். பிறகு இடுப்புக்குப் பக்கத்தில். இந்த வருஷம் அதற்கும் கொஞ்சம் மேலே. அவர் அந்தக் கைக்குக் கீழே இருக்கும் வெறும் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து நடப்பார்.

தொழிலை அவர் விடவில்லை. கூப்பிட்டால் இப்போதும் போகிறார். விளக்கை இறக்குகிறார், சுடர் நிற்கிறது, இறங்குகிறார். "கல்லு" என்று பெண்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வது காதில் விழாமல் இருக்காது. ஆலோசனை கேட்க மட்டும் இப்போது ஒருவரும் வருவதில்லை.

இந்தக் கோடையில் சென்றாயர் மறுபடி பாரதம் படிக்க வந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது, குரல் மட்டும் அப்படியே இருந்தது. வரும் வழியிலேயே அங்கமுத்து அவரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அங்கமுத்துவின் காதில் விழுந்தது அடுத்த சந்தைக்குள் எருமப்பட்டி போய்ச் சேரும், அப்படிப்பட்ட வாய். அவனே அவரைக் கூட்டிக்கொண்டு காலை வெயிலில் வந்தான். நாச்சிமுத்து நடுவிரலோடு போராடிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கப் பார்த்தவரைச் சென்றாயர் தோளைத் தொட்டு உட்காரவைத்து, எதிரே தரையிலேயே அமர்ந்தார்.

"நாச்சிமுத்து, எத்தினியோ ஊர்ல அந்த உபதேசத்தச் சொல்லிக்கினு வரேன். கேட்டவன் ஆயிரம் பேரு. நடந்து காட்டுனவன் நீ ஒருத்தன். பெத்த புள்ள உள்ள கிடக்க, பலன நெனைக்காம நின்னியேப்பா. இன்னிக்குப் பந்தல்ல உம்பேரச் சொல்லித்தான் ஆரம்பிக்கப்போறேன்."

"வேண்டாமுங்க சாமி."

"ஏன் வேணாம்?"

நாச்சிமுத்து எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "நான் பலன நெனைக்காம இருக்கலீங்க. வெளக்கக் குடுக்கலீன்னா எறங்க மாட்டான்னு நெனச்சேன். அதுக்குத்தான் மூடி வெச்சேன். சொல்லக் காப்பாத்தோணும்னு வாயில சொன்னேன், உள்ளுக்குள்ள கணக்குப் போட்டேன். அதுவும் பலன நெனச்சதுதானுங்களே?"

சென்றாயர் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நெனைக்காம இருந்திருந்தாக் குடுத்திருப்பனோ என்னமோ. குடுத்திருந்தா வெளக்கு அணஞ்சிருக்கும், மேல வந்திருப்பான். இல்ல, வேற நாளைக்கு வேற குழியில எறங்கியிருப்பான். தெனமும் இந்தக் கைய நீவறப்ப இதையேதானுங்க நெனைக்கறன். எங்க போயி நெனைச்சாலும் அடியில அவனே கெடக்கறான்."

"அந்த வில்லாளிக்கும் ஒரு மகன் இருந்தான் நாச்சிமுத்து. உள்ள போகத் தெரிஞ்சவன். வெளிய வரத் தெரியாதவன்."

"தெரியுமுங்க. அந்தக் கதை படிச்ச அன்னிக்குப் பந்தம் புடிச்சது நாந்தான். மவன் செத்த அன்னிக்கு அவுருக்கு உபதேசம் நெனப்புல வந்துச்சுங்களா?"

"இல்லப்பா. அழுதான். நெருப்புல உழறேன்னு சொன்னான்."

"தேரோட்டி சாமி மறுக்காச் சொல்லலீங்களா?"

"என்னமோ சொன்னாரு. அது அவங்காதுல ஏறுச்சான்னு எனக்குத் தெரியாது." சென்றாயர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எதையாவது தூக்கி நிறுத்திவிட வேண்டும் என்று அவருக்குத் தவிப்பு. "அதனாலதாம்பா சொல்றேன். அந்த வீரனே தாங்கல. நீ நின்ன. வெளக்கு நிக்கலன்னு கல்லு மாதிரி நின்னு மத்தவங்க உசுரக் காப்பாத்துன. அது பொய்யில்லியே?"

நாச்சிமுத்து தலையைக் குனிந்து மாரக்காளின் கையை மறுபடி எடுத்தார். அது வரவில்லை. அவள் இழுத்துக்கொண்டாள்.

"அவுரு நிக்கலீங்க" என்றாள்.

"சும்மா இரு புள்ள."

"பந்தல்ல வெச்சுச் சொல்லப்போறாங்களாமா. சரியாத்தான் சொல்லட்டுமே." அவள் சென்றாயரைப் பார்க்கவில்லை. பண்ணாடி கட்டுத்தறியின் முளைக்குச்சி இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "மொதத் தடவ வெளக்கு அணஞ்சப்பவே அவுரு கயித்த இடுப்புல கட்டிட்டுக் கால உள்ள உட்டுட்டாருங்க. தோளும் தலையுந்தான் வெளிய. நாந்தான் கயித்தோட மறுதலையக் கையில சுத்திக்கிட்டு, முளைக்குச்சியில கால ஒதச்சுட்டு உக்காந்தேன். உடு புள்ள, உடு புள்ளைன்னு அவுரு கத்தறாரு. ஒன்னு போச்சு, ரெண்டாவதையுங் குடுக்க மாட்டேன்னேன். உள்ளருந்து ஒரு சத்தம் வந்துச்சுங்க. முனவறாப்பல. எம்மவன் சத்தம். அவுருக்கும் கேட்டுது, எனக்கும் கேட்டுது. நா உடல."

அங்கமுத்துவின் வாய் திறந்தபடி நின்றது.

"கூட்டம் வர்ற சத்தம் கேட்டு அவுரு மேல ஏறி, கயித்த அவுத்துப் போட்டு, மண்ணத் தட்டிட்டு நின்னாரு. வெளக்கு நிக்கல, ஆரும் எறங்கக்கூடாதுன்னாரு. நாஞ் சொல்ல வேண்டியதுங்க அது. அவுரு வாயில சொன்னாரு. அம்புட்டுத்தான்."

"அங்கமுத்து இருக்கறான் புள்ள" என்றார் நாச்சிமுத்து, மிகவும் தாழ்ந்த குரலில்.

"இருக்கட்டுங்க."

சொல்லச் சொல்ல அவளுடைய வலது கை கயிற்றைச் சுற்றியது போலவே இறுகி, நகங்கள் உள்ளங்கையில் பதிந்திருந்தன. நாச்சிமுத்து கிண்ணத்தைத் தம் பக்கம் இழுத்தார். அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, எண்ணெயை விட்டு, மறுபடியும் கட்டைவிரலிலிருந்து தொடங்கினார்.